சேவியரின் விநாடி முள்

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பகுதியில் இருந்த தெய்வசிகாமணி அவர்களின் இல்லத்தில் கைக்கடிகாரங்களுக்கென்றே குளிரூட்டப்பட்ட அறை ஒன்று உண்டு. அந்த அறைக்குள் சென்று மணி பார்ப்பவர் எவரும் இல்லை. அங்கிருந்த கடிகாரங்களில் பெரும்பாலானவை ஓடாமல் நின்றிருந்தன; ஓடியவையும் ஆளுக்கொரு நேரம் காட்டின. மணி தெரிய வேண்டுமானால், அவருடைய மனைவி கோகிலவாணி அடுப்படிச் சுவரில் மாட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் கடிகாரத்தைத்தான் அந்த வீடே நம்பியிருந்தது.

"உங்க கொழந்தைகளுக்குப் பொட்டிக்குள்ள மூச்சு முட்டாதுங்களா?" என்று கோகிலவாணி அவ்வப்போது கேலி செய்வார்.

"அதுகளுக்குக் காத்துப் படக்கூடாதுங்கறதுக்குத்தானே பொட்டி?" என்பார் தெய்வசிகாமணி.

பம்புசெட் தொழிலில் நிறையச் சம்பாதித்தவர். ஆனால் தொழிற்சாலையைப் பற்றிப் பேசும்போது வராத பெருமிதம், உலகில் சொற்ப எண்ணிக்கையில் மட்டுமே செய்யப்பட்ட கடிகாரம் ஒன்றைக் கையுறை அணிந்து வெளியே எடுக்கும்போது அவர் முகத்தில் வந்துவிடும். அவரைப் போன்ற சேகரிப்பாளர்களிடையே சில கட்டுப்பாடுகள் உண்டு. கீறலை மெருகேற்றி மறைக்கக் கூடாது. நிறம் மங்கிய முகப்பை மாற்றக் கூடாது. பிறந்தபோது இருந்த உறுப்பு எதையும் எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தவே கூடாது. அப்படிச் செய்யப்பட்ட கடிகாரத்தை, "கெடுத்து வெச்சிருக்கறாங்க" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். அதை ஒதுக்குவதில் தெய்வசிகாமணி மற்ற எல்லோரையும்விடக் கண்டிப்பானவர்.

அவருடைய சேகரிப்பின் மணிமகுடம் 'அநாஹதா'. ஓர்வால் என்ற வெளிநாட்டு நிறுவனம் அந்தக் கடிகாரத்தை விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்கே செய்து, அத்துடன் நிறுத்திக்கொண்டது. அதன் விநாடி முள்ளை இயக்குவது சுருள்வில்லும் அல்ல, மின்கலமும் அல்ல. மனித இதயத்தின் தசை. வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தசைப்படலம் ஒன்று, கண்ணாடிச் சிமிழுக்குள், உயிர்த்திரவத்தில் மிதந்தபடி துடித்துக்கொண்டிருக்கும். ஒரு துடிப்புக்கு முள் ஓர் அடி எடுத்து வைக்கும். அணிந்திருப்பவர் வேகமாக நடந்தால், அவருடைய உடலசைவை உணர்ந்து அந்தத் தசையும் சற்று வேகமெடுக்கும். மணியையும் நிமிடத்தையும் சரியாகக் காட்டுவதற்கு உள்ளே வேறு ஏற்பாடு இருந்தது. விநாடி முள் மட்டும் அந்த இதயத்துக்கே சொந்தம்.

அந்தத் தசையைத் தந்தவரின் பெயரை, அவருடைய தாய்மொழியிலேயே கடிகாரத்தின் முதுகில் பொறிப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். ஒன்றில் கொரிய எழுத்து, ஒன்றில் போர்த்துகீசியம். தெய்வசிகாமணியின் கடிகாரத்தில், 'சேவியர், தூத்துக்குடி' என்று அழகான தமிழ் எழுத்துகள். அந்த எழுத்துகளுக்காகவே அவர் அலையாய் அலைந்து அதை வாங்கினார்.

சென்ற மாதம் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்து அவருடைய சேகரிப்பைப் படம் பிடித்தார்கள். அவரும் ஆசையோடு அந்தக் கடிகாரத்தின் முதுகைத் திருப்பிக் காட்டினார். அடுத்த வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

"ஐயா, நான் தூத்துக்குடியில இருந்து மரியபுஷ்பம் பேசுதேன். அந்தக் கடிகாரத்துல பேரு போட்டிருக்குல்லா, சேவியர்னு. அது எங்க வீட்டுக்காரருய்யா. அவுக தவறிட்டாவ. எனக்குக் காசு பணம் ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தடவ அதக் காதுல வச்சுக் கேட்டுட்டுப் போயிருதேன்."

தெய்வசிகாமணி சற்றும் யோசிக்கவில்லை. "எப்ப வேணும்னாலும் வாங்கம்மா," என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் மரியபுஷ்பம் வந்து சேர்ந்தார். முப்பது வயதைக் கடந்திராத முகம். பேருந்தில் தூங்காமல் வந்த களைப்பு. உடன் அவருடைய மகள் செல்சியா, பள்ளியில் சின்ன வகுப்பு படிக்கும் துறுதுறுப்பான சிறுமி. மரியபுஷ்பத்தின் கையில் தூத்துக்குடி இனிப்பான மக்ரூன் பொட்டலம் ஒன்று.

"வெறுங்கையோட எப்படி வரதுன்னுட்டு வாங்கினேன். பஸ்ஸுல கொஞ்சம் நொறுங்கிட்டு," என்றார் மரியபுஷ்பம்.

"நொறுங்கினதைப் பத்தி என்னங்கம்மா, வாய்க்குள்ள போனா எப்படியும் நொறுங்கத்தானே போகுது? வந்து உக்காருங்க," என்று கோகிலவாணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

தெய்வசிகாமணி கடிகாரத்தை வெல்வெட் தட்டில் ஏந்தி வந்தார். மரியபுஷ்பம் உடனே அதைத் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சதைன்னு வீடியோவுல சொன்னீய. அவுக சதையேவா ஐயா?"

"கையில இருந்து துளித் தோல் எடுத்திருப்பாங்க. அதை இதயத்துச் சதையா மாத்தி வளத்துவாங்க. விதை அவரோடதுதானுங்களே? அவரு நெஞ்சு எப்படியோ அப்படித்தான் இதுவும் துடிக்கும்."

"ஆமா, முழங்கைக்குக் கீழ பொட்டு மாதிரி ஒரு தழும்பு உண்டு. அம்மைத் தழும்பான்னு கேட்டேன். 'வெள்ளக்காரன் முத்தம் குடுத்துட்டான்டி'ன்னு சிரிச்சாவ. ஒரு ஊசி நேரம், காசும் தாரான், பேரையும் போடுதான்னு அவ்வளவு சந்தோசம் அவுகளுக்கு." மரியபுஷ்பம் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கண்களை மூடினார்.

 சிறிது நேரத்தில் அவருடைய மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"அவுகதான்," என்றார். "ஏ பிள்ள, இங்க வா. அப்பாவக் கேளு."

செல்சியா காதைக் கொடுத்துக் கேட்டாள். "அப்பா உள்ள இருந்து தட்டுதாவளா? நான் தட்டினா கேக்குமா?"

"கேக்கும். தட்டு."

சிறுமி கண்ணாடியின்மேல் விரல்நுனியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பதிலுக்காகக் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கோகிலவாணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தெய்வசிகாமணிக்கும் கண்கள் கலங்கின. இத்தனை ஆண்டு சேகரித்ததற்கு இன்றுதான் ஒரு பொருள் கிடைத்தது என்று அவர் மனதார நினைத்தார்.

"வருசா வருசம் வாங்கம்மா. இது உங்க வீடு மாதிரி," என்றார்.

காப்பி வந்தது. செல்சியாவுக்குப் பெரியவர்களின் பேச்சு அலுத்துவிட, தோட்டத்துக்கு ஓடினாள். கோகிலவாணி மெல்லக் கேட்டார்: "அவருக்கு என்ன ஆச்சுங்கம்மா?"

"ஒண்ணும் ஆகலம்மா. அதான் இன்னைக்கு வரைக்கும் மனசு ஆறல. தலைவலின்னு ஒரு நாள் படுத்தது கிடையாது. போன வருசத்துக்கு முந்தின வருசம், மாதா கோயில் திருவிழா. கடற்கரையில பசங்க பந்து வெளாடினானுவ. இவுகளும் போய்ச் சேந்துகிட்டாவ. ஓடிப்போயி ஒரு கோல் போட்டுட்டு, என்னப் பாத்துச் சிரிச்சாவ. சிரிச்ச மேனிக்கே விழுந்தாவ. நடிக்காவன்னு நான் எந்திரிக்கவேயில்ல, பாத்துக்கிடுங்க. அறுத்துப் பாத்த டாக்டரு நெஞ்சு நல்லாத்தான் இருக்குன்னு எழுதிட்டாரு."

கோகிலவாணி அவருடைய கையைப் பற்றிக்கொண்டார்.

"ஒரு வேடிக்கை சொல்லுதேன்," என்று மரியபுஷ்பம் கண்ணீரோடு சிரித்தார். "எங்களுக்கு மாடி வீடு. வேலை முடிஞ்சு தடதடன்னு ஏறி வந்து என்னக் கட்டிப் பிடிச்சாவன்னா, அவுக நெஞ்சுக்குள்ள யாரோ படி தடுக்கி விழுந்து எந்திரிக்க மாதிரி ஒரு சத்தம் கேக்கும். என்ன இது இப்படித் தடுக்குதுன்னு கேட்டா, 'உன்னக் கண்டா தடுக்காம என்ன செய்யும்'பாவ. நானும் நம்பிட்டேன்."

"இப்பக் கேட்டீங்களே, அப்படித் தடுக்குச்சுங்களா?"

"சும்மா இருக்கும்போது தடுக்காதும்மா. ஓடினா, சிரிச்சாத்தான்."

தெய்வசிகாமணியின் கையிலிருந்த காப்பி டம்ளர் மேசைக்குத் திரும்பியது. இருவரிடமும் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து, கடிகார அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தத் தடுக்கலை அவர் பார்த்திருக்கிறார்.

கடிகாரம் வந்த புதிதில், மாடிப்படி ஏறும் போதெல்லாம் அதன் விநாடி முள் ஓரடி வைக்கும், மறு அடியில் தயங்கும், பிறகு இரண்டடி சேர்த்துத் தாவும். சேகரிப்பாளர்கள் கூடிய ஒரு விருந்தில், நூற்பாலை நடத்தும் நண்பர் பொன்னுரங்கம் அதைக் கவனித்துவிட்டார். "என்ன சிகாமணி, ஒலகத்துலயே ஒசந்த கடியாரம்னு சொன்னே, நொண்டியடிக்குது? காலு சுளுக்குன்னா கட்டுப் போடு!" அந்த மேசையே சிரித்தது. மறுநாளே அவர் கடிகாரத்தை நிறுவனத்துக்கு அனுப்பினார். முகப்பில் ஒரு புள்ளி மங்கினால்கூட அதைத் தொட விடாதவர், இதயம் தடுக்கியதைப் பொறுக்காமல் அனுப்பிவிட்டார். சில வாரங்களில் அது திரும்பி வந்தது. அதன்பின் முள் ஒருபோதும் தயங்கவில்லை. என்ன செய்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை.

பெங்களூரில் இருந்த நிறுவனத்தின் பிரதிநிதி சுகிர்தாவைத் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமான நலவிசாரிப்புகளைக் கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை.

"ஏனுங்க, என்ர அநாஹதாவை ரிப்பேருக்கு அனுப்பினனே, அதுல என்ன பண்ணுனீங்க?"

"ஒரு நிமிஷம் சார், ஃபைல் பாக்கறேன்... வாரண்டி ஜாப். டிஷ்யூவை ரீப்ளேஸ் பண்ணியிருக்காங்க."

"ரீப்ளேஸ்னா?"

"பழைய தசையை எடுத்துட்டு வேற டோனரோடதை வெச்சிருக்காங்க சார். இப்ப நல்லா ஓடுதில்லையா?"

"பின்னாடி அதே பேருதானே இருக்குது!"

"வெளிக்கூடு, அந்த கேஸ், ஒரிஜினல் சார். அதை மாத்தினா உங்க வேல்யூ போயிடுமே? உங்களுக்காகத்தான் தொடாம விட்டாங்க."

தெய்வசிகாமணி நாற்காலியில் அமர்ந்தார். "பழசு எங்க?"

"அதை வெச்சுக்க மாட்டாங்க சார். டிஸ்போஸ் பண்ணிடுவாங்க."

"அது எதுக்குத் தடுக்குச்சு? அதுக்கு ஏதாவது எழுதியிருக்குதா?"

சுகிர்தா படித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிறவிக் குறைன்னு லேப்ல எழுதியிருக்காங்க. தசையோட தப்பு இல்ல சார், ஆளோட தப்பு. அதாவது, அந்த டோனருக்கும் இதே இருக்கும். சும்மா இருந்தா தெரியாது. ஓடினா, ரொம்ப சந்தோஷப்பட்டா ரிதம் தப்பும். சில பேருக்கு அப்படியே... நின்னுடும்."

"அதுக்கு மருந்து?"

"மாத்திரை இருக்கு சார். சாதாரண மாத்திரைதான்."

"அந்த ஆளுகிட்டச் சொன்னீங்களா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

"அம்மிணி, உங்களைத்தான் கேக்கறேன். சொன்னாங்களா?"

"டோனர்ஸை மறுபடி கான்டாக்ட் பண்றதில்லைங்கறது கம்பெனி பாலிசி சார். அவங்க பிரைவசிக்காக. நான் அப்ப வேலைக்கே சேரலை சார்." குரல் தணிந்தது. "ஏன் சார், அவருக்கு ஏதாவது?"

"அது புள்ளைகளுக்கு வருமா?"

"வரலாம் சார். பாதிக்குப் பாதி."

மூடிய கதவையும் தாண்டி, தோட்டத்திலிருந்து செல்சியாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. தெய்வசிகாமணி தொலைபேசியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். சிறுமி தோட்டத்து நாயைத் துரத்திக்கொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடாத சாமி! நில்லு! நில்லுன்னா நில்லு!"

அவர் இவ்வளவு உரக்கக் கத்தி அந்த வீடு கேட்டதில்லை. சிறுமி வெலவெலத்து நின்றாள். மரியபுஷ்பம் பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"செடி எதையும் ஒடிச்சுப் போட்டாளா ஐயா? மன்னிச்சுக்கிடுங்க. ஏ பிள்ள, இங்க வா."

"அதெல்லாம் இல்லைங்கம்மா." தெய்வசிகாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லாமலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை எழுந்தது. "வந்ததே வந்தீங்க. எங்களுக்கு வேண்டிய டாக்டர் ஒருத்தர் இருக்கறாங்க. கொழந்தைக்கு ஒருக்கா நெஞ்சைப் பாத்துட்டுப் போயிரலாமுங்களா? செலவெல்லாம் நம்முளுது."

"எதுக்குய்யா? அவ நல்லாத்தான இருக்கா. மத்தியானம் பஸ்ஸு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பூசைக்குப் போவணும்." மரியபுஷ்பம் மரியாதையாகச் சிரித்தார். "கிளம்பறதுக்கு முன்ன அவுகள இன்னொரு தடவ கேட்டுட்டுப் போயிரட்டா?"

கடிகாரம் மரியபுஷ்பத்தின் கையிலேயே இருந்தது. கன்னத்தில் அழுந்திய தடம்கூட இன்னும் மறையவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பெண்மணி ஆண்டுதோறும் வந்து, கேட்டு, அழுது, ஆறுதலோடு திரும்புவார். மகளை ஒரு மருத்துவரிடமும் காட்ட மாட்டார். தெய்வசிகாமணிக்கு வேறு வழி தெரியவில்லை.

"அம்மா, அது அவரில்லைங்க," என்றார்.

தொடங்கிய பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முள் தடுக்கியது, நண்பர்கள் சிரித்தது, தாம் அனுப்பி வைத்தது, அவர்கள் மாற்றியது, மாற்றியதற்கான காரணம், அந்தக் காரணம் சிறுமிக்கும் வரக்கூடும் என்பது. கோகிலவாணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மரியபுஷ்பம் கையிலிருந்த கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இது யாரு?"

"தெரியலைங்கம்மா."

முகமறியாத எவரையோ மார்போடு அணைத்துவிட்டதைப் போல மரியபுஷ்பம் கூசிப்போனார். கடிகாரத்தை முந்தானையால் துடைத்து, இரு கைகளாலும் தெய்வசிகாமணியிடம் நீட்டினார்.

"அவுகளோடத எங்க வச்சிருக்காவ?"

"இல்லைங்க. எறிஞ்சுட்டாங்க."

"நீங்க அனுப்பினது எப்பய்யா?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "அந்தத் திருவிழாவுக்கு முந்தின வருசமுங்க."

"உசுரோட இருந்தாவ," என்றார் மரியபுஷ்பம். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வதைப் போலச் சொன்னார். பிறகு கடிகாரத்தின் முதுகை அவரிடம் சுட்டிக்காட்டினார். "பேரும் ஊரும் இதுல எழுதித்தான இருந்துச்சு ஐயா?"

 அந்த எழுத்துகளின் வளைவைத் தெய்வசிகாமணி உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எத்தனையோ முறை ரசித்திருக்கிறார். அது ஒரு மனிதனுடைய முகவரி என்பது அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

"வண்டியை எடுங்க," என்றார் கோகிலவாணி. அதுவரை கணவரிடம் அவர் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை.

இதயநோய் மருத்துவர் இந்துமதி, செல்சியாவின் மார்பில் ஒயர்களை ஒட்டி, டிரெட்மில் எனப்படும் ஓடும் பட்டைமீது அவளை நிற்க வைத்தார். "மெதுவா நடக்கணும், அப்புறம் கொஞ்சம் ஓடணும். நான் பக்கத்துலயே பிடிச்சுக்கறேன். சரியா தங்கம்?" ஒலிபெருக்கியில் அவளுடைய இதயம் கேட்டது. டப், டப், டப் என்று தெளிவான, சீரான ஒலி. மரியபுஷ்பம் ஜெபமாலையை விரல்களில் சுற்றியபடி சுவரோரம் நின்றார். தெய்வசிகாமணி வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரும் தகுதி தமக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பட்டையின் வேகம் கூடியது. செல்சியாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "அம்மா, இங்கன பாரேன், ஓடுதேன், ஆனா போவல!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில், ஒலி தடுக்கியது. ஓரடி. ஒரு தயக்கம். பிறகு இரண்டடி சேர்ந்தாற்போல்.

மருத்துவர் உடனே பட்டையை நிறுத்திச் சிறுமியைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். மரியபுஷ்பம் சுவரை விட்டு அகன்று வந்துகொண்டிருந்தார். அவருடைய முகத்தில் தெய்வசிகாமணி எதிர்பார்த்த அச்சம் இல்லை. மாடிப்படியில் ஏறிவரும் காலடியைக் கேட்டுக் கதவைத் திறக்கப்போகும் பெண்ணின் முகம் அது.

"அவுக," என்றார்.

"அம்மா, பயப்படாதீங்க," என்றார் மருத்துவர். "சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. தினமும் மாத்திரை போட்டா இந்தத் தடுமாற்றம் அடங்கிடும். ஓட்டப்பந்தயம் மட்டும் வேண்டாம். மத்தபடி நல்லா வளருவா, படிப்பா."

"மாத்திரை போட்டா, இந்தச் சத்தம்?"

"கேக்காது."

"கேக்கவே கேக்காதா?"

மருத்துவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "கேக்கக் கூடாதும்மா," என்று பொறுமையாகச் சொன்னார். செவிலியர் ஒரு சிறு தட்டில் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு நிமிசம் பொறுங்க டாக்டரம்மா."

மரியபுஷ்பம் குனிந்து, ஒயர்களுக்கிடையே மகளின் மார்பில் காதை வைத்தார். "கூசுதும்மா," என்று செல்சியா நெளிந்தாள். "கொஞ்ச நேரம் சும்மா இரி பிள்ள." ஒலிபெருக்கியை எவரும் நிறுத்தவில்லை. சிறுமியின் மூச்சு தணியத் தணிய, தடுக்கல்கள் விலகி விலகி வந்தன. நீண்ட சீரான ஓட்டம், பிறகு ஒன்று. மறுபடியும் நீண்ட ஓட்டம். இனி இல்லை என்று நினைத்தபோது கடைசியாக ஒருமுறை தடுக்கி எழுந்தது.

அதன்பின் ஒழுங்காகவே ஓடியது.

மரியபுஷ்பம் இன்னும் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமலேயே, மாத்திரைக்காகக் கையை நீட்டினார்.